நாய்ப்பட்டியின் பொறுப்பேற்ற கரோலைன் ஒயிட் அம்மையார்

ஊர்ப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குப் பவுண்டு என்னும் சொல் புதியதன்று. பிறர் பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்துச் சென்று அடைத்து, தண்டம் செலுத்திய பின்னரே உடையவனிடம் விடுவிக்கும் பட்டியே பவுண்டு எனப்பட்டது. ஆங்கில ஆட்சியினர் 1871ஆம் ஆண்டில் இயற்றிய கால்நடை அத்துமீறல் சட்டம் இதற்குரிய விதிமுறைகளை நம் நாட்டில் வகுத்தது. இங்கிலாந்தின் சிற்றூர்களிலும், அங்கிருந்து அமெரிக்கா சென்று குடியேறியோர் அமைத்த சிற்றூர்களிலும் அதற்கு நெடுநாள் முன்பே கல்சுவர் எழுப்பிய பட்டிகள் இருந்தன. பட்டிக்காவலன் என்பது அங்கே ஊர்ச்சபை நியமிக்கும் பதவிகளுள் ஒன்றாகும்.

மாட்டிற்குப் பட்டியில் ஒரு காப்பு உண்டு. அஃது அறத்தால் வந்த காப்பன்று, விலையால் வந்தது. உடையவன் வருவான், தண்டம் தருவான்; வாராவிடினும் ஏலத்தில் விற்றுப் பொருளாக்கலாம். ஆகவே அடைபட்ட மாட்டிற்குத் தீனியும் நீரும் அளிப்பது காவலனின் கடமையாயிற்று. நகரங்கள் பெருகி, தெருவில் திரியும் நாய்களை அடைக்கவும் அதே பெயரில் பட்டிகள் தோன்றியபோது இந்தக் காப்பு இல்லாமற் போயிற்று. உடையவன் இல்லாத நாயை எவரும் ஏலத்தில் எடுக்கார். எனவே, அதற்கு இடும் ஒரு வேளை உணவும் வீண்செலவென்றே கருதப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்களில் கோடை பிறந்தால் நாய் பிடிப்போர் தெருவில் இறங்குவர். வெப்பம் மிகுந்தால் நாய்களுக்கு வெறி பிடிக்கும் என்பது அக்கால மக்களின் நம்பிக்கை. நம்பிக்கை பிழையேயாயினும் அச்சம் பொய்யன்று. லூயி பாஸ்டர் 1885இல் தம் தடுப்பு மருந்தை ஒரு சிறுவனுக்குச் செலுத்திக் காக்கும் வரையில், வெறிநாய்க் கடிக்கு நம்பத்தக்க மருத்துவமே இருக்கவில்லை. ஆகவே நாய்களைப் பிடிப்பதை ஊரார் தடுக்கவில்லை. எவ்வாறு பிடிக்கின்றனர், பிடித்தபின் என்ன செய்கின்றனர் என்று கேட்பாருமில்லை. சுருக்குக் கயிற்றை வீசிக் கழுத்தில் மாட்டி, கற்பாவிய தெருவில் தரதரவென்று இழுத்து வண்டியில் எறிவர். பட்டியை அடைவதற்குள் மூச்சு முட்டி மடிந்தவை உண்டு. உயிரோடு சேர்ந்தவற்றுக்கு நாள் எண்ணிக்கைதான் மிச்சம். நியூயார்க் நகரில் 1877ஆம் ஆண்டுக் கோடையில் இரும்புக் கூண்டு நிறைய நாய்களை அடைத்து, அக்கூண்டைக் கிழக்காற்றில் இறக்கி மூழ்கடித்தனர். பிலடெல்பியாவில் தடி கொண்டு அடித்தே கொன்றனர். முறை வந்த நாய் அடிபடுவதை, முறை வராத நாய்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தப் பிலடெல்பியா நகரில், 1833ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள், கரோலைன் ஏர்ல் பிறந்தார். தந்தை தாமஸ் ஏர்ல் வழக்கறிஞர். அடிமை ஒழிப்பில் உறுதிபூண்டவர். 1837இல் கூடிய பென்சில்வேனிய அரசியலமைப்பு மாநாட்டில், கறுப்பின மக்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என வாதிட்டார். அதனால் தம் கட்சியினரின் ஆதரவையே இழந்தார். 1840இல் அடிமை ஒழிப்பாளர் அமைத்த விடுதலைக் கட்சி அவரைத் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிறுத்தியது. தோற்பது உறுதி என்று தெரிந்தே நின்ற தேர்தல் அது. தாய் மேரி ஹஸி நான்டக்கெட் தீவினர். பெண்ணுரிமைப் போராளி லுக்ரீஷியா மாட் அம்மையாருக்கு உறவினர். இரு குடும்பமும் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவை. போரை மறுப்பதும், எளிய வாழ்வை மேற்கொள்வதும், மனச்சான்று சொன்னதை எத்துணை இழப்பு வரினும் செய்வதும் அப்பிரிவினரின் நெறி.

இத்தகைய இல்லத்தில் வளர்ந்த பெண்ணுக்கு மொழிகள் பலவும் வானநூலும் கற்பிக்கப்பட்டன. அக்காலப் பெண்களுக்கு இது பெரும்பேறு. வண்டிக் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் சவுக்கால் அடித்து ஓட்டும் தெருக்களின் வழியே செல்ல நேர்ந்தால், சிறுமி கரோலைன் சுற்றுவழியில் போய்விடுவாராம். பின்னாளில் அவர் வாழ்வை நோக்குவோருக்கு இச்செய்தி சற்று வியப்பளிக்கும். காணப் பொறுக்காமல் வழி மாறிப் போன அதே பெண்தான், வளர்ந்த பின்னர், நகரிலேயே காணப் பொறுக்காத இடத்துக்குத் தாமே வலியச் சென்று அதன் சாவியைக் கேட்டு வாங்கினார்.

1854இல் ரிச்சர்டு ஒயிட் என்னும் வழக்கறிஞரை மணந்தார். கணவர் கத்தோலிக்கர். சில ஆண்டுகளில் அம்மையாரும் அச்சமயத்தைத் தழுவினார். ஆயினும் பிறந்த வீட்டின் குவேக்கர் பழக்கமாகிய விடாப்பிடி அவரை விட்டு நீங்கவில்லை. விலங்குகளைக் காப்பதற்கென்றே இலண்டனில் 1824 முதல் ஒரு சங்கம் இருந்து வருவதை அவருக்கு முதலில் அறிவித்தவர் ரிச்சர்டே. அப்படியொரு சங்கம் இங்கும் இருக்குமாயின் அதில் சேரவேண்டும் என்னும் எண்ணம் அன்றே அம்மையாரின் உள்ளத்தில் வேரூன்றியது.

உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஹென்றி பெர்க் என்னும் செல்வர் நியூயார்க்கில் அமெரிக்காவின் முதல் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவினார். அம்மையார் நியூயார்க் சென்று அவரைக் கண்டார். ஊரில் செல்வாக்குள்ளோரிடம் கையொப்பம் வாங்கி விண்ணப்பம் ஒன்றை ஆயத்தம் செய்யுமாறு பெர்க் வழிகாட்டினார். அம்மையார் திரும்பி வந்து வீடு வீடாகச் சென்று கையொப்பம் திரட்டினார். இதே நோக்குடன் தனியே முயன்று கொண்டிருந்த ரிச்சர்ட்ஸ் மக்கிள், மாரிஸ் வால்ன் ஆகியோருடன் இணைந்து உழைத்தார். 1867இல் பென்சில்வேனிய விலங்குவதைத் தடுப்புச் சங்கம் உருவாயிற்று.

சங்கம் உருவானதும் நடந்தது நம்மவர்க்கும் பழகிய கதையே. ஆட்சிக்குழுவில் ஆடவர் மட்டுமே அமர்ந்தனர். அலைந்து கையொப்பம் வாங்கிய அம்மையாருக்கு அதில் இடமில்லை. அவர் கணவருக்கு இடம் கிடைத்தது! இரண்டாண்டுகள் கழிந்த பின்னர், பெண்களுக்கெனத் தனிக் கிளை ஒன்றை அமைக்கலாம் என்னும் யோசனை எழுந்தது. 1869ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் சுமார் முப்பது பெண்கள் கூடினர். கரோலைன் ஒயிட் தலைவரானார். தம் மறைவு வரையில், நாற்பத்தேழு ஆண்டுகள், அவரே தலைவர்.

கிளை தொடங்கிய கையோடு அப்பெண்கள் தேர்ந்துகொண்ட முதற்பணி எது என்பதே இங்கு நோக்கத்தக்கது. குதிரைகளுக்காகப் பேசியிருந்தால் எவரும் குறை கூறியிரார். குதிரை உழைக்கும் விலங்கு, அதனைக் காப்பது வணிகத்திற்கும் நன்று. அவர்களோ நகராட்சியின் நாய்ப்பட்டியைத் தேர்ந்தனர். மேயர் டேனியல் பாக்ஸ் என்பாரை அணுகி, பட்டியின் நிர்வாகத்தைத் தங்களிடமே ஒப்படைக்குமாறு கேட்டனர். கொடுமையை நிறுத்துமாறு வேண்டுவதோடு நில்லாமல், அப்பொறுப்பைத் தாங்களே ஏற்பதாகக் கூறிய துணிவு அன்று பெண்கள் சங்கம் எதிலும் காணப்படாதது. நகராட்சி இசைந்தது, செலவுக்குப் பொருளும் ஒதுக்கியது. 1870ஆம் ஆண்டளவில் பிலடெல்பியாவின் நாய்ப்பட்டி பெண்கள் கைக்கு வந்தது. புகலிடம் என்னும் பொருள்படும் புதுப்பெயரும் பெற்றது. அமெரிக்காவின் முதல் விலங்குக் காப்பகம் இதுவே என்பர்.

இலண்டனில் மேரி டீல்பி அம்மையார் 1860லேயே நாய்களுக்கென ஓர் இல்லம் நிறுவியிருந்தார். அதுவே பின்னர்ப் பாட்டர்சீ என்னுமிடத்துக்கு மாறிப் புகழ்பெற்றது. ஆனால் அது தனியார் அறச்செயல். அரசின் கையிலிருந்த கொலைக்களம் ஒன்றைக் கேட்டு வாங்கி மாற்றியமைத்தது பிலடெல்பியாப் பெண்களின் தனிச் சிறப்பு.

அவர்கள் செய்த மாற்றங்கள் எண்ணிப் பார்க்கின் மிக எளியவை. சுருக்குக் கயிற்றை விலக்கி வலையைப் பயன்படுத்தச் செய்தனர். உடையவர் வந்து மீட்பதற்குரிய நாள்கள் வரை நாய்களுக்கு உணவும் தூய நீரும் படுக்க உலர்ந்த இடமும் கிடைத்தன. எவரும் மீட்காத நல்ல நாய்களுக்குத் தக்க இல்லங்களைத் தேடினர். வலையும் நீர்த்தொட்டியும் வைக்க ஒரு நகரம் அதுவரை எதற்காகக் காத்திருந்தது என்று நாம் கேட்கலாம். வினா எளிது. விடை, அதைக் கேட்பதற்கு அதுவரை எவரும் அந்தப் பட்டிக்குள் நுழையவில்லை என்பதே.

இனி, இவ்விதழ் அன்பர்கள் உள்ளத்தில் எழும் ஐயத்திற்கு வருவோம். மீட்கப்படாத, இல்லம் கிடைக்காத நாய்கள் என்னவாயின? அவை கொல்லப்பட்டன. தடியடிக்கு மாறாக, மூடிய அறையில் கரிப்புகை செலுத்தி, வலி இயன்றவரை குறையுமாறு கொன்றனர். இதனை மறைத்து அம்மையாரின் வரலாற்றை எழுதுவது நேர்மையன்று. இலண்டன் இல்லமும் பின்னாளில் இவ்வழியையே மேற்கொண்டது.

ஐயறிவுயிரைக் கொல்லுதல், எவ்வளவு மென்மையாகச் செய்யினும், நம் நெறிக்கு உடன்பாடன்று. குசராத்தின் பிஞ்சராபோல்களில் முடமான மாடும் கண்ணிழந்த ஆடும் தம் ஆயுள் முடியும் வரை இருந்து இயற்கையாகவே மடிகின்றன. சென்னை அயனாவரத்திலும் அத்தகைய நிலையம் ஒன்று உண்டு. 1623இல் கம்பாத்து நகருக்கு வந்த இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வாலே, பறவைகளுக்கென அங்கிருந்த மருத்துவச் சாலையைக் கண்டு வியந்து எழுதினார். அந்த அளவுகோலால் அளந்தால் பிலடெல்பியாப் புகலிடம் குறையுடையதே.

எனினும் மற்றோர் அளவுகோலும் இருக்கின்றது. நியூயார்க் நகராட்சியும் தன் நாய்ப்பட்டியை ஏற்குமாறு ஹென்றி பெர்க்கை வேண்டியது. பெர்க் மறுத்தார். விலங்குகளைக் காக்கப் பிறந்த சங்கம் விலங்குகளைக் கொல்லும் பணியை ஏற்பது முரண் என்பது அவர் கருத்து. தூய்மையான கருத்துதான், மறுக்க இயலாது. ஆனால் அவர் கை தூய்மையாக இருந்த அந்த ஆண்டுகளில்தான் நாய்கள் கூண்டோடு கிழக்காற்றில் மூழ்கின. 1888இல் அவர் மறைந்து ஆறாண்டுகள் ஆன பின்னரே, 1894இல், அவர் நிறுவிய சங்கம் நியூயார்க் பட்டியின் பொறுப்பை ஏற்றது. அதே காலத்தில் பிலடெல்பியாவின் நாய்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீரும் உணவும் பெற்றிருந்தன. அவற்றுள் சில புது வீடுகளும் பெற்றிருந்தன. கொல்லாமை நோன்பை முழுதும் போற்றியவர் பெர்க்கா ஒயிட் அம்மையாரா என்னும் வினாவுக்கு என்னால் எளிதில் விடை கூற இயலவில்லை. உயிர்கள் பட்ட துன்பத்தின் அளவை மட்டும் நோக்கினால், அம்மையார் பக்கமே என் நெஞ்சு சாய்கின்றது.

பட்டியின் சாவி கைக்கு வந்து ஓராண்டு கழிவதற்குள் வேறொரு சோதனை வந்தது. சைலஸ் வீர் மிட்சல் பிலடெல்பியாவின் புகழ்பெற்ற மருத்துவர். உள்நாட்டுப் போரில் காயமுற்றோரின் நரம்பு நோய்களை ஆய்ந்து பெயர் பெற்றவர். பாம்பு நஞ்சினையும் ஆராய்ந்தவர். 1871இல் அவர் பெண்கள் கிளையை நாடினார். எவரும் மீட்காத நாய்கள் எவ்வாறாயினும் மடியப்போகின்றவையே. அவற்றை உடற்கூற்று ஆய்வுக்காகத் தந்துதவ வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். கேட்டவர் பெரிய மனிதர். அவர் கூறிய காரணமும் மேலோட்டமாகப் பார்த்தால் பொருத்தமாகவே தோன்றும். நகரின் மேட்டுக்குடியினர் பலரும் அவர் பக்கம். வாக்குரிமை கூட இல்லாத பெண்கள் அதனை மறுத்தனர். புகலிடம் என்று பெயரிட்டு உள்ளே அழைத்துக்கொண்ட உயிரை, உயிரோடு அறுப்பதற்கென வெளியே அனுப்புவது நம்பிக்கைக் கொலை என்பதே அவர்கள் நிலை. நாய்களை விரைந்து வலியின்றிக் கொல்ல இசைந்த அதே பெண்கள், அவற்றை வதைக்குக் கொடுக்க இசையவில்லை. அந்தக் கோட்டை எங்கே வரைவது என்பதில் அம்மையாருக்குத் தெளிவு இருந்தது.

அந்த மறுப்பே அவரை அடுத்த போராட்டத்திற்கு இட்டுச் சென்றது. இங்கிலாந்தில் பிரான்சஸ் பவர் காப் அம்மையார் 1875இல் உயிரறுப்பு ஆய்வுக்கு எதிராகச் சங்கம் அமைத்தார். அடுத்த ஆண்டே அங்கு ஆய்வுகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் வந்தது. காப் அம்மையாரைச் சந்தித்து ஊக்கம் பெற்ற கரோலைன், மேரி லவெல் முதலிய தோழியருடன் 1883இல் பிலடெல்பியாவில் அமெரிக்க உயிரறுப்பு எதிர்ப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொடக்கத்தில் ஆய்வுகளுக்கு வரம்பு வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. வரம்பு கேட்டும் பயனில்லை என்று கண்டபின், 1887இல் முற்றும் ஒழிக்க வேண்டும் என்னும் நிலைக்கு வந்தனர். அறிவியலின் பகைவர் என்னும் பழி அவர்மீது வீழ்ந்தது. சட்டமன்றத்தில் அவர் வேண்டிய சட்டம் எதுவும் அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை. 1892 முதல் விலங்குநேயத்திற்கென ஒரு மாத இதழும் வெளிவந்தது. அதன் பக்கங்களில் இந்த வாதம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது.

தொடர்வண்டிகளில் ஏற்றிச் செல்லப்படும் மாடுகளின் துயரையும் அவர் மறந்தாரில்லை. மேற்கு மேய்ச்சல் வெளிகளிலிருந்து கிழக்கு நகரங்களுக்கு அவை பல நாள்கள் நீரின்றிப் பயணம் செய்தன. இருபத்தெட்டு மணி நேரத்திற்கு மேல் அவற்றை இறக்காமலும் நீரும் தீனியும் தராமலும் கொண்டு செல்லலாகாது என்னும் நடுவண் சட்டம் 1873இல் வந்தது. அதற்காக உழைத்தவர்களுள் அம்மையாரும் ஒருவர். சட்டம் ஏட்டிலேயே உறங்கிவிடாதபடி, தம் கிளையின் அலுவலர்களைக் கொண்டு மீறல்களைக் கண்காணிக்கவும் செய்தார். பறக்கவிட்ட புறாக்களைப் பொழுதுபோக்காகச் சுடும் செல்வர் விளையாட்டையும் எதிர்த்தார். இடையிடையே கதைகளும் எழுதினார். அவை இன்று படிப்பாரின்றிப் போயின. அதனால் இழப்பு பெரிதன்று எனலாம்.

1899இல் பெண்கள் கிளை தாய்ச் சங்கத்திலிருந்து பெயரளவிலும் பிரிந்து, பென்சில்வேனியப் பெண்கள் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் எனத் தனிப்பெயர் பூண்டது. 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், தாய் பிறந்த நான்டக்கெட் தீவில் கரோலைன் ஒயிட் மறைந்தார். எண்பத்து மூன்று வயது நிறைய மூன்று வாரங்களே இருந்தன. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது அதற்கு நான்காண்டுகள் கழித்து, 1920இல்.

1871இல் அவர் மூடிய கதவைப் பிறர் மீண்டும் திறந்தனர். 1952இல் நியூயார்க் மாநிலம் இயற்றிய சட்டம், நாய்க் காப்பகங்களே ஆய்வுக் கூடங்களுக்கு நாய்களைத் தரவேண்டும் எனக் கட்டாயப்படுத்தியது. 1979இல்தான் அது நீக்கப்பட்டது. நாட்டுப்புறங்களிலோ நிலைமை இன்னும் மோசம். பட்டிகளிலும் ஊர்ச்சந்தைகளிலும் தரகர்கள் நாய்களை மலிவாக வாங்கி ஆய்வுக் கூடங்களுக்கு விற்றனர். போதாதவற்றைத் திருடியும் சேர்த்தனர். 1965இல் பென்சில்வேனியாவின் பண்ணை வீடு ஒன்றிலிருந்து பெப்பர் என்னும் புள்ளிநாய் காணாமற்போயிற்று. வீட்டார் தேடி அலைந்து தரகனின் தடத்தைக் கண்டறிவதற்குள், நியூயார்க் மருத்துவமனை ஒன்றின் ஆய்வில் அது மடிந்துவிட்டது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில், தரகன் ஒருவனின் கொட்டகையில் எலும்புந்தோலுமாய்க் கிடந்த நாய்களின் படங்களை லைப் இதழ் வெளியிட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர். 1966ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் ஆய்வக விலங்குகள் நலச் சட்டம் கையொப்பமாயிற்று. பட்டிக்கு வந்த நாயைக் குறைந்தது ஐந்து நாள்களேனும் வைத்திருந்த பின்னரே தரகனுக்குத் தரலாம் என்னும் விதி சேர்ந்ததோ 1990இல்தான்.

அம்மையார் தொடங்கிய உயிரறுப்பு எதிர்ப்புச் சங்கம் இன்றும் இயங்குகின்றது. முப்பது பெண்கள் கூடித் தொடங்கிய கிளையும் பெயர்கள் சில மாறி, பிலடெல்பியாவை அடுத்த பென்சேலத்தில் விலங்குக் காப்பகமாகவும் மருத்துவ நிலையமாகவும் நடந்து வருகின்றது. கைவிடப்பட்ட நாய்களையும் பூனைகளையும் ஏற்று, அவற்றை விரும்புவோர் இல்லங்களில் சேர்ப்பித்தல் இப்போதும் அதன் முதற்பணி.